ஸ்லோவா, டாம்சனா, பிளாக்பெர்ரியா? ஜின்னில் ஊறவைக்க எந்த வேலிப் பழம்

இங்கிலாந்திலிருந்து ஊருக்குப் போன் போட்டு, "வீட்ல ஊறல் போட்டிருக்கேன்" என்று சொன்னால் எதிர்முனை ஒரு நொடி மௌனமாகிவிடும். இது காய்ச்சுகிற ஊறல் இல்லை. கடையில் வாங்கிய ஜின் என்ற மதுவில் உயிர்வேலிப் பழத்தையும் சர்க்கரையையும் போட்டு மூடி வைப்பது, அவ்வளவுதான். உரிமம் இல்லாமல் சாராயம் வடிப்பது இங்கேயும் குற்றம், ஊறவைப்பது குற்றமில்லை. 1968ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டப்படி, தானாக வளர்ந்த செடியின் பழத்தை விற்கும் நோக்கமில்லாமல் பறித்தால் அது திருட்டும் ஆகாது. அதற்காக அடுத்தவர் நிலத்துக்குள் இறங்கிவிடாதீர்கள்.

பேர் பெற்றது ஸ்லோதான். பிளாக்தார்ன் என்ற முள்மரத்தின் பழம். கோலிக்குண்டு அளவு, நாவல்பழ நிறம், மேலே திருநீறு பூசினாற்போல ஒரு மாவு. பச்சையாகக் கடித்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நாவல்பழத்தின் துவர்ப்பெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. முள் தோலுக்குள் ஒடிந்தால் நாள்கணக்கில் வீங்கும் என்பதால் கையுறை அவசியம்.

முதல் உறைபனி விழுந்த பிறகுதான் ஸ்லோ பறிக்க வேண்டும் என்பது பழைய வழக்கம். உறைபனியில் தோல் வெடித்துச் சாறு எளிதில் இறங்கும், அதுதான் காரணம். ஃப்ரீசரில் ஓர் இரவு வைத்தாலும் அதே வேலை நடக்கும். பனிக்காகக் காத்திருந்தால் பழம் பறவைக்குப் போய்விடும். ஒவ்வொரு பழத்தையும் அதன் முள்ளாலேயே குத்த வேண்டும் என்பதையும் நம்பி ஒருமுறை அரை கிலோ குத்தினேன். கை ஊதாவானதுதான் மிச்சம். அதற்குப் பிறகு ஃப்ரீசர்தான்.

70 சென்டிலிட்டர் ஜின்னுக்கு 450 கிராம் ஸ்லோ, 225 கிராம் சர்க்கரை என்பார்கள். நான் பாதிச் சர்க்கரையில் தொடங்குவேன். குறைந்தால் பிறகு சேர்க்கலாம், கூடினால் எடுக்க முடியாது. அக்டோபரில் போட்டு கிறிஸ்துமஸுக்குத் திறப்பார்கள். என்னைக் கேட்டால் அது அவசரம். துவர்ப்பு அப்போதும் முரட்டுத்தனமாகவே இருக்கும். வடிகட்டிய பாட்டிலை அடுத்த கிறிஸ்துமஸ் வரை மறந்துவிட்டால், கொட்டையிலிருந்து இறங்கிய பாதாம் வாசனை மேலே வரும். கொட்டையை மட்டும் உடைத்துவிடாதீர்கள், அதில் சயனைடு தரும் பொருள் உண்டு. ஸ்பெயினின் நவார்ராக்காரர்கள் இதே பழத்தைச் சோம்பு மணக்கும் மதுவில் போட்டு பச்சரான் என்கிறார்கள்.

டாம்சன் ஒரு சிறிய பிளம் வகை, ஸ்லோவுக்கு அண்ணன் முறை: பெரிது, சதைப்பற்று அதிகம், முள் தொல்லை குறைவு. வடமேற்கு இங்கிலாந்தில் கும்ப்ரியாவின் லித் பள்ளத்தாக்கு இதற்குப் பேர்போனது. செப்டம்பரிலேயே பழுத்துவிடும், சர்க்கரையும் குறைவாகப் போதும். மூன்றே மாதத்தில் குடிக்கும்படி இருக்கும். சுவை வட்டமானது, ஸ்லோவின் கூர்மை வராது. சிக்கல் ஒன்றுதான்: மரம் எங்கே நிற்கிறது என்று தெரிந்தவர் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

பிளாக்பெர்ரி எல்லா வேலியிலும் கிடைக்கும். ஆகஸ்டில் போட்டால் நான்கைந்து வாரத்தில் வடிகட்டிவிடலாம். ஜின்னில் போட்டால் எனக்கு இருமல் மருந்து நினைவு வருகிறது. விஸ்கியில் போட்டால் எடுபடுகிறது. வெளிச்சம் பட்டால் நிறம் பழுப்பாகிவிடும், அலமாரிக்குள் வையுங்கள். செப்டம்பர் 29, மைக்கேல்மஸ் திருநாளுக்குப் பிறகு சாத்தான் இதன்மேல் துப்பிவிடுவான், பறிக்காதே என்பது கிராமத்துப் பேச்சு. சாத்தானை விடுங்கள், அதற்குள் பழம் நீர்த்துப் பூஞ்சை பிடித்திருக்கும்.

முதல்முறை போகிறவர் பிளாக்பெர்ரியோடு தொடங்கட்டும், அதை அடையாளம் தவற வழியில்லை. ஸ்லோ தேடும்போது கவனம் வேண்டும். அதே வேலியில் கொத்துக்கொத்தாய்க் கருத்துத் தொங்கும் பிரிவெட் பழமும், பச்சை நட்சத்திரத் தட்டில் பளபளவென்று உட்கார்ந்திருக்கும் பெல்லடோனாவும் விஷம். ஸ்லோவுக்கு முள் உண்டு, உள்ளே ஒற்றைக் கொட்டை உண்டு.

ஒரு பாட்டிலுக்குத்தான் இடம் என்றால் நான் டாம்சனைப் போடுவேன். ஸ்லோவை வடிகட்டினால் மிஞ்சுவது கொட்டையைச் சுற்றிய தோல்தான், குப்பைக்குப் போகும். ஊறிய டாம்சனில் கொட்டையை நீக்கினால் கைநிறையச் சதை கிடைக்கும். அதை வெனிலா ஐஸ்கிரீம் மேல் போடலாம். பிள்ளைகள் தூங்கிய பிறகு.