கல் அடுப்பில் கூடாரச் சமையல்: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல வருடம் புழங்கிய அனுபவம்

கூடாரம் போட்டுத் தங்கிச் சமைக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் என்ன சாப்பிடலாம் என்று முடிவு செய்கிறார்கள், பிறகு பாத்திரம் சேர்க்கிறார்கள், கடைசியில்தான் விறகு ஞாபகம் வருகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல வருடமாகச் சமைத்த வரையில் எங்கள் கருத்து: இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். விறகடுப்பு முதல் இருபது நிமிடம் கொழுந்துவிட்டு எரியும். அடுத்த அரை மணி நேரம் பாதிச் சுவாலை, பாதிக் கங்கு. அதன் பிறகு வெறும் தணல், கடைசியில் சூட்டுச் சாம்பல். இந்த நாலு நிலைக்கும் எது பொருந்துமோ அதைத் தேர்ந்தெடுத்தால், ஒரே நெருப்பில் நாலு பேருக்கு ஒரு வேளைச் சாப்பாடு ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஐந்து ஆறு கிலோ காய்ந்த விறகு போதும்.

இடத்தில் சமரசம் கூடாது. ஒகேனக்கல், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ஜவளகிரிப் பக்கம் கண்ணுக்கு அழகாகப் படுகிற இடங்களில் பெரும்பகுதி காப்புக்காடு. 2014இல் அறிவித்த காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமும், 2022இல் அறிவித்த காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமும் இங்கேதான் இருக்கின்றன. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் தீ மூட்டுவது 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். ஆகவே பட்டா நிலம், அதுவும் சொந்தக்காரரிடம் "அடுப்பு மூட்டலாமா" என்று தனியாகக் கேட்டு அவர் காட்டுகிற இடம். தங்க அனுமதித்தார் என்பதாலேயே தீ மூட்ட அனுமதித்தார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மாந்தோப்பென்றால் மரத்தின் கிளை விரிந்திருக்கும் வட்டத்துக்கு வெளியே வந்துவிடுங்கள். அடியில் மூட்டினால் சருகு பற்றும், தை மாசியில் பூங்கொத்தும் கருகும். அறுப்பு முடிந்த வெற்று வயல்தான் எங்களுக்குப் பிடித்த இடம்.

மாசியிலிருந்து வைகாசி வரை திறந்த நெருப்பு வேண்டாம், சின்ன கேஸ் அடுப்பு எடுத்துப் போங்கள். புல் காய்ந்து கிடக்கும்போது காற்றின் வேகத்தில் தீ மனிதக் காலை முந்திவிடும். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததை யாரும் மறக்கக் கூடாது. ஆடிக்காற்று நாட்களில் சமைக்கலாம், ஆனால் மண்ணுக்கு மேலே அடுப்புக் கூட்டாமல் முக்கால் அடி ஆழத்துக்குக் குழி வெட்டி அதற்குள் மூட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் விறகுதான் பிரச்சினை, அதைக் கீழே சொல்கிறோம்.

அடுப்பு: ஒரு அடி அகலம், இரண்டு அடி நீளம், அரை அடி ஆழத்தில் ஒரு வாய்க்கால். இரண்டு ஓரத்திலும் கல். பாத்திரத்தின் அடிக்கும் கங்குக்கும் நடுவே அரை அடி இருக்க வேண்டும். குறைந்தால் சுவாலைக்குக் காற்று கிடைக்காமல் புகையும், கூடினால் சூடு பக்கவாட்டில் ஓடிவிடும். வாய் காற்று வரும் திசையைப் பார்க்கட்டும், காற்று பலமாக இருந்தால் கொஞ்சம் சாய்த்து வையுங்கள். சுற்றிலும் பத்தடிக்குச் சருகு கூட்டி வெறும் மண் தெரிய வேண்டும். கூடாரம் குறைந்தது பதினைந்து அடி தள்ளி, அடுப்புக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம். நைலான் துணியில் ஒரு பொறி விழுந்தால் ஓட்டைதான். கூடாரத்துக்குள்ளோ அதன் முன்தாழ்வாரத்திலோ கங்குச் சட்டி வைப்பது உயிருக்கு ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார்.

கல் எடுப்பதில் இந்த ஊருக்கென்று இரண்டு எச்சரிக்கை. தென்பெண்ணை, காவிரிக் கரைக் கூழாங்கல் வேண்டாம். உள்ளே ஊறிய ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் கல் வெடித்துச் சில்லு தெறிக்கும். வரப்பில் வெயிலில் கிடந்த காய்ந்த கருங்கல் நல்லது, அதிலும் விரிசல் இருந்தால் தவிர்த்துவிடுங்கள். இரண்டாவது, பழைய கற்களைத் தொடக் கூடாது. மல்லச்சந்திரத்தில் பலகைக் கல்லால் கட்டிய பழங்கால ஈமச் சின்னங்களான கல்திட்டைகளும், ஊர் ஊராக நிற்கும் நடுகற்களும் இந்த மாவட்டங்களின் சொத்து. தட்டையாக வாகாக இருக்கிறதே என்று ஒரு பலகையை உருவினால் பல நூறு வருட வரலாறு போய்விடும். பாறையின் மேல் நேரடியாகத் தீ மூட்டுவதும் அப்படித்தான், மேல்தோல் செதில் செதிலாக உரியும், கரி போகவே போகாது.

விறகில் எங்கள் முதல் தேர்வு வேலிக்காத்தான். நின்று எரியும், கங்கு நீண்ட நேரம் தாங்கும். முள்ளைச் செதுக்கிய பிறகே கொண்டு வாருங்கள், ஒரே ஒரு முள் செருப்பையும் கூடாரத்தின் தரையையும் சேர்த்துத் துளைக்கும். புளிய விறகு அடுத்தது, இந்த ஊர்ச் சாலையோரம் பஞ்சமில்லாமல் இருக்கும் மரம் என்றாலும் அந்த மரங்கள் அரசுக்குச் சொந்தம், விறகுக் கடையில்தான் வாங்க வேண்டும். மா விறகு சீக்கிரம் சாம்பலாகும், தண்ணீர் கொதிக்க வைக்க மட்டும் பரவாயில்லை. தைல மரத்தில் சூடு உண்டு, வாசனை சாப்பாட்டில் ஏறும், சுடுவதற்கு ஆகாது. மூங்கிலின் கணுக்குள் அடைபட்ட காற்று பட்டாசாக வெடிக்கும். அரளிக் குச்சியை எரிக்கவும் கூடாது, கறி குத்திச் சுடவும் கூடாது. அது விஷம்.

பற்ற வைக்கப் பன்னாடை, தேங்காய் நார், காய்ந்த தென்னோலை. மழைக்காலத்துக்கு நாலைந்து கட்டிக் கற்பூரம் ஒரு டப்பாவில் இருக்கட்டும். ஈரத்திலும் பிடிக்கும். மண்ணெண்ணெயின் நாற்றம் களி வரைக்கும் வரும், பெட்ரோல் முகத்தில் பாயும், இரண்டும் வேண்டாம். சுண்டு விரல், கட்டை விரல், மணிக்கட்டு என்று மூன்று தடிமனில் விறகைப் பிரித்து வைத்துக்கொண்ட பிறகு தீப்பெட்டியைத் தொடுங்கள். மேலே நனைந்த கட்டையைப் பிளந்தால் உள்ளே காய்ந்திருக்கும், அந்தச் சிம்புதான் மழை நாளில் காப்பாற்றும். கூடவே ஒரு கிலோ அடுப்புக்கரி.

சூட்டை அளக்க உள்ளங்கை போதும். கங்குக்கு மேல் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான உயரத்தில் கையை நீட்டினால் இரண்டு மூன்று விநாடிதான் தாங்கும் என்றால் கடும் தணல், ஐந்தாறு விநாடி என்றால் நடுத்தரம், எட்டுப் பத்து வரை தாங்கினால் மெல்லிய தணல். மீன் வறுக்க நடுத்தரம், களி புழுங்க மெல்லியது.

பாத்திரங்களில் வருடக்கணக்கில் நின்றது இரும்புத் தோசைக்கல். ஒரே நிபந்தனை, சூடாக இருக்கும்போது தண்ணீர் ஊற்றக் கூடாது, நெளிந்துவிடும். துடைத்து, கடலை எண்ணெய் தடவிக் காகிதத்தில் சுற்றி வைத்தால் துரு வராது. தடித்த அலுமினியக் குண்டா களிக்கு நல்லது, சூடு அடி முழுக்கச் சமமாகப் பரவும். ஆனால் வெறும் குண்டாவைத் தணலில் மறந்தால் அடி தொய்ந்துவிடும். புளிக்குழம்பை அதில் ராத்திரி வைக்காதீர்கள், அரித்துப் புள்ளி விழும். மெல்லிய எவர்சில்வர் சுவாலை படும் இடத்தில் மட்டும் கொதித்து அடிபிடிக்கும். மண்சட்டியின் ருசி வேறு எதிலும் வராது, பயணத்தில் உடைவதும் அதுதான். குக்கரின் பிடி சுவாலையில் கருகும், காஸ்கெட் கெட்டால் ஆவி நிற்காது. நான்ஸ்டிக்கின் பூச்சு இந்தச் சூட்டுக்குச் செய்ததல்ல.

கடையில் விற்கும் மடக்குக் கிரில்களின் கால் ஒரு பருவத்தில் வளைந்துவிடுகிறது. துத்தநாகப் பூச்சுள்ள வலையைக் கங்கின் மேல் வைத்தால் நச்சுப் புகை வரும். வெல்டிங் பட்டறையில் 10 மில்லிமீட்டர் முறுக்குக் கம்பியை இரண்டடி நீளத்தில் நாலு துண்டு வெட்டி வாங்குங்கள். கல்லின் மேல் குறுக்கே போட்டால் அதுவே அடுப்பு மேடை. முதல் தடவை வெறும் நெருப்பில் காய்ச்சித் துடைத்துவிட வேண்டும். நாங்கள் வைத்திருப்பதில் மிக மலிவானதும் மிக உபயோகமானதும் இந்த நாலு கம்பிதான். பாத்திரத்தின் வெளிப்பக்கம் அடுப்பேற்றும் முன் ஈரச் சாம்பலோ மண்ணோ மெழுகினால் கரி தேய்க்கும் வேலை பாதியாகும்.

தண்ணீர் விஷயத்தில் இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் தனிக் கவனம் வேண்டும். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013இல் தொடங்கியது. போர்த் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது, வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். அதோடு கடினத் தண்ணீரில் பருப்பு வேகாது, ஒன்றரை மணி நேரம் விறகு தின்னும். ஊருக்குள் ஒகேனக்கல் குழாயில் இருபது லிட்டர் கேனை நிரப்பிக்கொள்ளுங்கள். தீயணைக்கத் தனியாகப் பத்துப் பதினைந்து லிட்டர், அது எந்தத் தண்ணீராகவும் இருக்கலாம்.

இனி சமையல்: கேழ்வரகுக் களி, பயறுக் கடைசல், சுட்ட கத்திரிக்காய். நாலு பேருக்கு: கேழ்வரகு மாவு 400 கிராம், அரிசி நொய் 100 கிராம், பச்சைப்பயறு 200 கிராம், கத்திரிக்காய் நாலு, ராயக்கோட்டை, பாலக்கோடு சந்தைப் பக்கம் வந்தால் நல்ல தக்காளி அரைக் கிலோ. கொள்ளுக் கடைசல் களிக்கு இன்னும் பொருத்தம், ஆனால் எட்டு மணி நேரம் ஊறாமல் வேகாது. பயறுக்கு ஊறல் தேவையில்லை.

கொழுந்துவிட்டு எரியும்போது அடுப்பின் வாய்ப்பக்கம் பயறு, 900 மில்லி தண்ணீர், மஞ்சள், ஒரு கரண்டி எண்ணெய். பின்பக்கம் களிக் குண்டாவில் ஒன்றே முக்கால் லிட்டர் தண்ணீர். இருபது நிமிடத்தில் இரண்டையும் இடம் மாற்றுங்கள். பயறு பின்னால் நிதானமாக வேகட்டும், அதில் சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், மூன்று தக்காளி சேருங்கள். புளி விடுவதானால் பயறு மசிந்த பிறகுதான், முன்பே விட்டால் புளிப்பு தோலை இறுக்கிவிடும்.

முன்னால் வந்த தண்ணீரில் நொய்யைப் போட்டு, குழைய வெந்ததும் உப்பு. அரை லிட்டர் கஞ்சித் தண்ணீரை மொண்டு வைத்துக்கொள்ளுங்கள். தளதளவென்று கொதிக்கும்போது மாவை நடுவில் குவியலாகக் கொட்டி, கிளறாமல், கரண்டிக் காம்பால் நடுவே அடிவரை ஒரு துளை போடுங்கள். கொதி அந்தத் துளை வழியே பொங்கி மாவின் மேலே வர வேண்டும். இந்த நிமிடத்தில் எரியும் கொள்ளிகளை வெளியே இழுத்துவிடுங்கள். அடியில் சுவாலை இருந்தால் மாவு அடிபிடிக்கும், வெறும் கங்கு மட்டும் போதும். மூடி பத்து நிமிடம்.

பிறகு குண்டாவைக் கீழே இறக்குங்கள். அடுப்பின் மேலேயே கிண்டினால் கல் புரண்டு எல்லாம் சாயும். மண்ணில் ஒரு குழி பறித்து அதில் குண்டாவை அழுத்தி உட்கார வைத்து, ஒருவர் ஈரத் துணியால் விளிம்பைப் பிடிக்க, இன்னொருவர் களிக்கோலால் ஓரத்திலிருந்து நடுவுக்கு அழுத்திக் கிண்ட வேண்டும். இறுகினால் மொண்டு வைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக. கட்டி விழுந்தால் காரணம் இரண்டில் ஒன்று: தண்ணீர் கொதிக்கும் முன் மாவு போட்டது, அல்லது புழுங்குமுன் கிளறியது. கட்டியை அப்போதே குண்டாவின் பக்கத்தில் நசுக்கிவிடுங்கள், உள்ளே பச்சை மாவு இருக்கும். கிண்டியதை இரண்டு நிமிடம் மீண்டும் மெல்லிய தணலில் வைத்து, ஈர விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது. ஈரக் கிண்ணத்தில் போட்டுச் சுழற்றி உருண்டை பிடியுங்கள்.

களி புழுங்கும் நேரத்தில் ஓரத் தணலில் கத்திரிக்காயும் மீதித் தக்காளியும் சுட்டுவிடலாம். கத்திரிக்காயை முதலில் கீறிவிடுங்கள், இல்லாவிட்டால் வெடிக்கும். தோலுரித்து, உப்பு, பச்சை மிளகாய், வெங்காயத்தோடு கையால் பிசைந்தால் ஆயிற்று. மீன் இருந்தால் அரை அங்குலத் துண்டு, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, எலுமிச்சை, ஒரு கரண்டி அரிசி மாவு. நடுத்தரத் தணலில் தோசைக்கல், ஒரு பக்கம் நாலைந்து நிமிடம். அடிப்பக்கம் மொறுகித் தானாக விடுபடும் வரை திருப்பாதீர்கள். கோழியைத் தணலில் சுட்டால் வெளியே கருகி எலும்போரம் பச்சையாக நிற்கும், பாதி வேகவைத்த பிறகே சுட வேண்டும். கடைசிச் சாம்பலில் சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் புதையுங்கள், நடுத்தரக் கிழங்குக்கு நாற்பது நிமிடம்.

மிஞ்சிய களியைத் தண்ணீரில் போட்டு மூடிவிட்டால் காலையில் கரைத்து மோரும் வெங்காயமும் சேர்த்துக் கூழாகக் குடிக்கலாம், காலை அடுப்பே தேவையில்லை. ஆனால் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் அதைக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். ராகி விளையும் பருவத்தில் கர்நாடகத்தின் பன்னர்கட்டாக் காட்டுப் பக்கமிருந்து யானைகள் இறங்கும் தடம் அது. கேழ்வரகு மாவு, வாழைப்பழம், வெல்லம், உப்பு எல்லாம் நிலத்துக்காரர் வீட்டில் ஒப்படைப்பதே சரி. நெருப்பு எரிந்தால் யானை வராது என்று நம்பி எல்லையோரத்தில் தங்கவும் கூடாது.

படுக்கப் போகும் முன் அடுப்பை முழுதாக அணைக்க வேண்டும். மண்ணை மட்டும் போட்டு மூடினால் கங்கு உள்ளே உயிரோடு இருந்து வேர் வழியே புகைந்து போகும். தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ச் சூடு இல்லை என்று உறுதியான பிறகு கையால் தொட்டுப் பாருங்கள். கற்களின் அடியையும் புரட்டி நனைக்க வேண்டும். காலையில் வாய்க்காலை மண்ணால் நிரப்பி, கற்களை எடுத்த வரப்பிலேயே வைத்துவிட்டு, ஆறிய சாம்பலை எங்கே கொட்டலாம் என்று நிலத்துக்காரரிடம் கேட்டுக் கொட்டுங்கள்.