ஐந்து வாட் வயர்லெஸ்ஸும் பாழாய்ப்போன சார்ஜர் தொட்டிலும்

தூத்துக்குடியில் புது வள்ளம் இறக்கப்போகும் மைத்துனர், இணையக் கடையில் ஒரு வாக்கி டாக்கியைக் காட்டி, "மாப்பிள்ளை, விலை பாதிகூட இல்லை. இது போதாதா?" என்று கேட்டார். போதாது. அது 446 மெகாஹெர்ட்ஸ் செட். உரிமம் வேண்டாம் என்பது உண்மைதான். பக்கத்து வள்ளத்தில் பாடு எப்படி என்று விசாரிக்கலாம். ஆபத்துக் குரலுக்காகக் கடலோரக் காவல் படை காத்திருப்பதோ 156.8 மெகாஹெர்ட்ஸில், அதாவது 16ஆம் சேனலில்.

அந்தச் சேனலில் பேசும் விஎச்எஃப் செட்டுக்கு, அதாவது கடல் வயர்லெஸ்ஸுக்கு, தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் வேண்டும். சிவப்புப் பொத்தானை அமுக்கினாலே ஆபத்துச் செய்தி போகும் டிஎஸ்சி வசதி இருந்தால், இந்தியாவுக்கான 419 என்று தொடங்கும் ஒன்பது இலக்க அடையாள எண்ணும் பெற்றுப் பதிய வேண்டும். அது இல்லாவிட்டால் அந்தச் சிவப்புப் பொத்தான் வெறும் அலங்காரம். அலுப்பூட்டும் வேலைதான், ஒருமுறை உட்கார்ந்து முடித்துவிடுங்கள்.

என் கைசெட் 5 வாட். எஞ்சின் இரைச்சலிலும் குரல் தெளிவாக வருகிறது. அலையில் குளித்தாலும் அசராது. தூரத்தைப் பற்றி மட்டும் கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம். வள்ளத்தில் நின்று பேசினால் ஆன்டெனா நீர்மட்டத்துக்கு இரண்டு மீட்டர் மேலே இருக்கும். அதே உயரத்தில் இருக்கும் இன்னொருவருக்கு ஐந்தாறு கடல் மைல்தான் கணக்கு. வாட்டைக் கூட்டினால் பூமியின் வளைவு விலகிவிடாது. ஆன்டெனாவை உயர்த்த வேண்டும்.

இனி அந்தத் தொட்டில். செட் ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் பிழைக்குமாம். அதைச் சார்ஜ் செய்யும் தொட்டிலோ ஒரு சொட்டு உப்புநீரைத் தாங்காது. பேட்டரியின் அடியில் ஒட்டிய ஈரம் தொட்டிலின் பித்தளை முனைகளில் இறங்கி, மின்சாரம் பாயப் பாயப் பச்சைக் களிம்பாகப் பூக்கிறது. இரவெல்லாம் விளக்கு எரியும், காலையில் பேச்சுப் பொத்தானை அமுக்கியதும் செட் அணைந்துவிடும். நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துத்தான் வைக்கிறேன், பழைய பல்துலக்கியால் முனைகளையும் தேய்க்கிறேன். போன வாரம் ஒரு முனை ஒடிந்தே போனது. தொட்டிலைத் தனியாகத் தர மாட்டார்களாம், முழுத் தொகுப்பாக வாங்க வேண்டுமாம்!

ஆகவே மைத்துனருக்கு என் பதில்: இவ்வளவு நல்ல செட்டை வாங்காதீர்கள். 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் 25 வாட் செட்டை வள்ளத்திலேயே பொருத்தி, ஆன்டெனாவைக் கம்பத்தின் உச்சியில் கட்டுங்கள். கைசெட்டும் வேண்டுமென்றால், கடையில் கிடைக்கும் சாதாரண பேட்டரியைப் போட இடமிருக்கிறதா என்று முதலில் பின்பக்கத்தைத் திறந்து பாருங்கள்.