ஒற்றைக் கணினியின் இணைய வேகத்தை எங்கே கட்டுவது?

நான் பார்த்துக்கொள்ளும் ஒரு சிறிய அச்சு வடிவமைப்பு அலுவலகத்தில் எட்டுக் கணினிகள். பதிவிறக்கத்துக்கு 100 மெகாபிட், பதிவேற்றத்துக்கு 20 மெகாபிட் என்று ஒரே ஓர் இணைப்பு. மாலை நான்கு மணி ஆனால் போதும், மூலையில் இருக்கும் கணினி அன்றைய கோப்புகளையெல்லாம் கிளவுடுக்குக் காப்புநகல் எடுக்கத் தொடங்கிவிடும். அடுத்த அறையில் வாடிக்கையாளருடன் வீடியோவில் பேசிக்கொண்டிருப்பவரின் முகம் வாய் திறந்தபடியே உறைந்துவிடும். "அந்த ஒரு கணினியை மட்டும் கொஞ்சம் அடக்கி வைக்க முடியாதா, தம்பி?" என்று உரிமையாளர் கேட்டார்.

முடியும். ஆனால் எங்கே அடக்குவது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன. அந்தக் கணினிக்குள்ளேயா, அதன் போக்குவரத்து கடந்து செல்லும் காவல்சுவரான ஃபயர்வாலிலா? ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன்.

முதலில் கணினிக்குள்ளேயே. விண்டோஸ் ஃபயர்வாலைத் திறந்து வேக வரம்பைத் தேடுகிறவர்கள் ஏராளம். அங்கே அப்படி ஒன்று இல்லை. அனுமதி, தடை, இரண்டே சொற்கள்தான் அதற்குத் தெரியும். வேக வரம்பு விண்டோஸின் நிர்வாக அமைப்புத் திரையான குரூப் பாலிசியில், கியூஓஎஸ் கொள்கை என்ற பெயரில் தனியாக ஒளிந்திருக்கிறது. ஹோம் பதிப்பில் அந்தத் திரையே கிடையாது. இந்தக் கொள்கை கணினியிலிருந்து வெளியே போவதை மட்டுமே கட்டும். உள்ளே வருவதைக் கட்டாது. எங்கள் சிக்கல் பதிவேற்றம்தான் என்பதால் இதுவே போதும் என்று நினைத்து, காப்புநகல் நிரலின் பெயரைக் கொடுத்து, 5 மெகாபிட் என்ற நினைப்பில் 5,000 என்று தட்டினேன். ஒரு மாற்றமும் இல்லை. அந்தப் பெட்டி கேட்பது கிலோபிட் அல்ல, கிலோபைட். ஒரு பைட்டுக்கு எட்டு பிட், எனவே 5,000 கிலோபைட் என்றால் 40 மெகாபிட். இணைப்பே 20 தான். 625 என்று திருத்திய பிறகுதான் அடங்கியது. இதே கொள்கையை விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல்லில் எழுதினால் அளவு பிட்டில் கேட்கப்படும். ஒரே நிறுவனம், ஒரே வசதி, இரண்டு தராசு.

அடங்கியதும் வேறொரு தலைவலி. இலக்கு முகவரியைக் குறிப்பிடாமல் விட்டிருந்தேன். அதனால் அந்த நிரல் அலுவலகச் சேமிப்பகத்துக்கு எடுக்கும் உள்ளூர் நகலும் 625 கிலோபைட்டில் தவழத் தொடங்கியது. கணினிக்குள் கட்டும் எந்த முறைக்கும் இந்தக் குணம் உண்டு: போக்குவரத்து வெளியே போகிறதா, பக்கத்து மேசைக்குப் போகிறதா என்பதை நாம்தான் சொல்லித்தர வேண்டும். நெட்லிமிட்டர் போன்ற கட்டண மென்பொருள் இரு திசைகளையும், நிரல்வாரியாகவும் அழகாகக் கட்டும். ஆனால் அந்தக் கணினியில் நிர்வாகி உரிமை உள்ளவர் நினைத்தால் அரை நிமிடத்தில் நீக்கிவிடலாம். சொந்தக் கணினிக்கு அது நல்ல தேர்வு. பிறர் கணினிக்கு அல்ல.

அடுத்து ஃபயர்வால். பழைய மேசைக்கணினி ஒன்றில் இரண்டாவது நெட்வொர்க் அட்டையைச் செருகி, பிஎஃப்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருளை ஏற்றினேன். இதில் வேகத்தைக் கட்டும் உறுப்புக்கு லிமிட்டர் என்று பெயர். உள்ளே வேலை செய்வது டம்மிநெட். இத்தாலியின் பிசா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஜி ரிட்ஸோ, மெதுவான இணைப்புகளைப் போலியாக உருவாக்கி நெட்வொர்க் நெறிமுறைகளைச் சோதிப்பதற்காக 1990களில் எழுதியது. வேகத்தைக் கெடுக்கப் பிறந்த கருவி இன்று வேகத்தைப் பங்கிட உதவுகிறது.

செய்முறை இரண்டு கட்டம். முதலில் ஏற்றத்துக்கு ஒன்று, இறக்கத்துக்கு ஒன்று என இரண்டு லிமிட்டர்களை உருவாக்க வேண்டும். பிறகு லேன் (அலுவலக உள் நெட்வொர்க்) பக்கத்து விதிகளில், அந்தக் கணினியின் ஐபி முகவரியிலிருந்து வரும் போக்குவரத்துக்கு ஒரு விதி எழுதி, அதன் மேம்பட்ட பகுதியில் உள், வெளி என்ற இரு பெட்டிகளிலும் அவற்றைப் பொருத்த வேண்டும். இங்கே சறுக்காதவர் குறைவு. உள் என்பது கணினிக்குள் அல்ல, ஃபயர்வாலுக்குள். அதாவது கணினியின் பதிவேற்றம். மாற்றிப் போட்டால் பதிவிறக்கம் நொண்டும். காப்புநகல் வழக்கம்போல் பறக்கும். விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்பட்டு, முதலில் பொருந்துவதே செல்லும். எனவே எல்லோருக்கும் அனுமதி என்ற பொதுவிதிக்கு மேலே இதை ஏற்றிவைக்க வேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் பலன் தெரியாமல் போகலாம். விதி புதிய தொடர்புகளுக்கே பொருந்தும். ஏற்கெனவே திறந்திருக்கும் தொடர்பு பழைய விதியின் நிழலிலேயே ஓடிக்கொண்டிருக்கும். காப்புநகல் நிரல் மணிக்கணக்கில் ஒரே தொடர்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் ரகம். திறந்திருக்கும் தொடர்புகளைக் காட்டும் ஸ்டேட்ஸ் பட்டியலில் அந்த முகவரியைத் தேடி அழித்ததும், வரைபடத்தில் கோடு சட்டென்று 5 மெகாபிட்டுக்கு இறங்கி மேசை போல் தட்டையாக நின்றது. உள்ளூர்ச் சேமிப்பகத்துக்கு எந்தப் பாதிப்பும் இல்லை, அந்தப் போக்குவரத்து ஃபயர்வாலைத் தொடுவதே இல்லை என்பதால்.

வந்து சேர்ந்துவிட்ட தரவை இங்கே கட்டி என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். லிமிட்டர் பாக்கெட்டுகளை, அதாவது தரவுத் துண்டுகளை, வரிசையில் நிறுத்தித் தாமதமாக அனுப்புகிறது. நிரம்பி வழிந்தால் கைவிடுகிறது. மறுமுனையில் இருக்கும் சர்வர் அதைக் கண்டு தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. தரவைக் கொண்டுசெல்லும் டிசிபி நெறிமுறை அப்படிப் பழக்கப்பட்டது. லினக்ஸின் ஃபயர்வால்களான ஐபிடேபிள்ஸ், என்எஃப்டேபிள்ஸ் விதிகளிலும் வரம்பு எழுதலாம். ஆனால் அவை வரிசையில் நிறுத்துவதில்லை. மிஞ்சியதை அப்படியே வெட்டி எறிகின்றன. வேகம் ஏறுவதும் விழுவதுமாக ரம்பப் பல் போல் ஓடும். உபுண்டு லினக்ஸின் எளிய ஃபயர்வாலான யுஎஃப்டபிள்யூவில் உள்ள லிமிட் கட்டளையைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். 30 நொடியில் ஆறு முறையோ அதற்கு மேலோ கதவைத் தட்டுபவரைத் தடுப்பது அதன் வேலை. பேண்ட்வித்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

மைக்ரோடிக் ரவுட்டரில் இதே வேலை ஒரே சாளரத்தில் முடிந்துவிடும். சிம்பிள் கியூ என்ற வேக வரம்பு வரிசை ஒன்றைச் சேர்த்து, கணினியின் முகவரியை இலக்காகக் கொடுத்து, ஏற்ற வரம்பையும் இறக்க வரம்பையும் எழுதினால் தீர்ந்தது. எந்த நேரத்தில் செயல்பட வேண்டும் என்றும் அங்கேயே சொல்லலாம். பிஎஃப்சென்ஸிலும் நேர அட்டவணை உண்டு, ஆனால் அதைத் தனியாக உருவாக்கிக்கொண்டு வர வேண்டும். எளிமையில் மைக்ரோடிக்கை அடித்துக்கொள்ள முடியாது. ஒரே ஒரு பொறியைத் தவிர. ஆலையிலிருந்து வரும் அமைப்பில் ஃபாஸ்ட்டிராக் என்ற ஃபயர்வால் விதி இருக்கும். நடப்புத் தொடர்புகளைக் குறுக்குவழியில் அனுப்பிப் பிராசஸரின் சுமையைக் குறைப்பது அதன் வேலை. அந்தக் குறுக்குவழி நம் கியூவைத் தொடாமலே போய்விடும். கியூ இருக்கும், வரம்பு இருக்கும், எண்ணிக்கை மட்டும் ஏறாது. அந்தக் கணினியின் முகவரியை ஃபாஸ்ட்டிராக்கிலிருந்து விலக்கினால் போதும்; முழுவதையும் அணைக்கத் தேவையில்லை.

ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறந்தமூல மென்பொருள் ஓடும் ரவுட்டரில் கிடைக்கும் கேக் (CAKE) வேறு சாதி. 2018இல் வந்த லினக்ஸ் 4.19 கெர்னலிலேயே சேர்ந்துவிட்ட வரிசை முறை இது. ஒருவரைக் கட்டிப்போடாது, இருப்பதை ஒவ்வொரு கணினிக்கும் சமமாகப் பகிரும். இணைப்பின் உண்மையான வேகத்துக்குச் சற்றுக் கீழே ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டால், யாரும் இல்லாத நேரத்தில் காப்புநகல் கிட்டத்தட்ட முழு வேகத்தையும் எடுத்துக்கொள்ளும். வீடியோ அழைப்பு தொடங்கினால் வழிவிடும். நாட் (பல கணினிகள் ஒரே பொது முகவரியைப் பகிரும் முறை) என்ற சொல்லை அமைப்பில் சேர்க்க மறந்தால் மட்டும் எட்டுக் கணினிகளும் அதற்கு ஒரே முகமாகத் தெரியும். என்னைக் கேட்டால், வேகத்தைக் குறைக்கச் சொல்லி வருபவர்களில் பாதிப்பேருக்கு உண்மையில் தேவை இதுதான். இரவு பத்து மணிக்கு வெறிச்சோடிய இணைப்பில் 5 மெகாபிட்டில் நகரும் காப்புநகலால் யாருக்கு லாபம்?

எதைத் தேர்ந்தாலும் முகவரி நிலையாக இருக்க வேண்டும். கணினிகளுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபியில் அந்தக் கணினிக்கு ஓர் எண்ணை ஒதுக்கிவைக்காவிட்டால், ஒருநாள் காலையில் வரம்பு கணக்காளரின் கணினிக்கு இடம் மாறியிருக்கும். புதிய முகவரி முறையான ஐபிவி6 இயங்கும் இடத்தில் பழைய ஐபிவி4 முகவரிக்கு மட்டும் விதி எழுதுவது, முன்கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக்கதவைத் திறந்துவைப்பதுதான்.

உரிமையாளருக்கு நான் பரிந்துரைத்தது கேக். அவருக்கு அது பிடிக்கவில்லை. "கட்டினால் கட்டினது கண்ணுக்குத் தெரிய வேண்டும்" என்றார். பிஎஃப்சென்ஸ் ஓடும் பழைய கணினி நாள் முழுக்க மின்சாரம் தின்பதும் அவருக்கு உறுத்தல். கடைசியில் மைக்ரோடிக்கை மாட்டி, காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை 5 மெகாபிட் என்று சிம்பிள் கியூவில் எழுதினேன். கியூவின் ஐகான் பயன்பாட்டுக்கு ஏற்ப பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் மாறும். நான்கு மணிக்கு அது சிவப்பாவதைப் பார்க்க அவர் இப்போது என் பின்னால் வந்து நிற்கிறார்.