காவலர் வேலைக்கு 'இன்டர்வியூ பேட்ச்' என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் இன்டர்வியூ கிடையாது. இந்தப் பதிவை முழுசாகப் படிக்க நேரமில்லை என்றாலும், வீட்டில் போலீஸ் வேலைக்குத் தயாராகும் பையனோ பொண்ணோ இருந்தால் இதை மட்டும் சொல்லிவிடுங்கள். இல்லாத அந்த இன்டர்வியூவுக்கு 'ஸ்பெஷல் பேட்ச்' என்று சொல்லி, எங்கள் பக்கத்து அகாடமி ஒன்று என் தம்பிக்காக 9,000 ரூபாய் கேட்டது. முதல் தவணையாக 5,000 வாங்கியும்விட்டது. கோர்ஸ் ஃபீஸ் இதில் சேராது, அது தனி.

அகாடமியின் பெயரை இங்கே போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறோம், அது முடியட்டும்.

நாங்கள் இருப்பது வியாசர்பாடி. இங்கே பத்தாவது முடித்த பையன்களுக்குக் கைக்கு எட்டுகிற அரசு வேலை என்றால் காவலர் வேலைதான். அடிப்படைச் சம்பளமே 18,200-இல் தொடங்குகிறது. அதனால் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் அறிவிக்கை விட்டதும் பெரம்பூரிலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் ஃபிளெக்ஸ் முளைக்க ஆரம்பித்துவிடும். சிறைக் காவலர், தீயணைப்பாளர் இடங்களையும் சேர்த்தே 2023-இல் 3,359 இடம், 2025-இல் 3,644 இடம். மாநிலம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் போட்டி போடும்போது இது ரொம்பக் கொஞ்சம். ஃபிளெக்ஸில் மட்டும் '100% செலக்‌ஷன்'.

வாரியத்துக்கு விண்ணப்பிக்க 250 ரூபாய்தான். அகாடமியில் சேரும்போது சொன்ன தொகை 15,000. சரி, காலையில் கிரவுண்டு, மாலையில் வகுப்பு, வாரம் ஒரு டெஸ்ட், அதற்கு இது பரவாயில்லை என்றுதான் அப்பாவும் ஒத்துக்கொண்டார். சேர்ந்த பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தது. மெட்டீரியல் 2,500. டி-ஷர்ட், டிராக் பேன்ட் 1,600. எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுவதுதான் என் வேலை, அந்தத் துணி மொத்த விலையில் என்னவென்று எனக்குத் தெரியும், அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பதிவு வேறு பக்கம் போய்விடும். டெஸ்ட் பேட்ச் 3,000. கிரவுண்டு ஃபீஸ் என்று மாதம் 700. அந்த கிரவுண்டு மாநகராட்சியுடையது, யார் வேண்டுமானாலும் போய் ஓடலாம். ஒரு வயதானவர் தினமும் அங்கேதான் வாக்கிங் போகிறார், அவரிடம் யாரும் 700 கேட்டதில்லை.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். ஊர் உலகத்தில் கோச்சிங் என்றால் இப்படித்தான் இருக்கிறது. இன்டர்வியூ விஷயத்தைத்தான் விட முடியவில்லை.

எழுத்துத் தேர்வு ரிசல்ட் வந்து, தம்பி உடல்திறன் தேர்வுக்குத் தகுதி பெற்றிருந்தான். வீட்டில் எல்லோரும் சந்தோஷத்தில் இருந்த நேரம் பார்த்து அகாடமி நடத்துகிறவர் அம்மாவுக்கு போன் போட்டார். "கட் ஆஃப்கிட்ட நிக்கிறான்மா. இன்டர்வியூல நல்லா பண்ணான்னா தூக்கிடலாம். ரிட்டயர்டு ஆபீசர் வந்து ட்ரெய்னிங் குடுக்கறாரு, இருபது பேருக்குத்தான் இடம்." அம்மா வேறு எதுவும் கேட்கவில்லை. ஒரு மோதிரம் அடகுக்குப் போனது.

இப்போது அறிவிக்கையில் உள்ளதைச் சொல்கிறேன். முதலில் தமிழ் மொழித் தகுதித் தேர்வு, 80 மதிப்பெண்ணுக்கு. அதில் 32 எடுத்தால்தான் அடுத்த தாளைத் திருத்துவார்கள், ஆனால் அந்த மார்க் ரேங்குக்குச் சேராது. ரேங்க் போடுவது 100 மதிப்பெண்ணுக்கு. பொது அறிவும் உளவியலும் சேர்ந்த எழுத்துத் தேர்வு 70, உடல்திறன் போட்டிகள் 24, என்சிசி, என்எஸ்எஸ், விளையாட்டுச் சான்றிதழ்களுக்குச் சிறப்பு மதிப்பெண் 6. எழுபதும் இருபத்து நான்கும் ஆறும் கூட்டினால் நூறு வந்துவிட்டது. இன்டர்வியூவுக்கு மதிப்பெண் எங்கே மிச்சம் இருக்கிறது?

நேர்முகத் தேர்வு இருப்பது சார்பு ஆய்வாளர், அதாவது எஸ்.ஐ. பதவிக்கு. அங்கேயும் நூறில் 10 மதிப்பெண்தான். எழுத்துத் தேர்வும் பிசிகலும் முடிந்த பிறகுதான் அதற்கு அழைப்பு வரும். எஸ்.ஐ. தேர்வுக்குப் படிக்கிறவர் ஒத்திகை இன்டர்வியூவுக்குப் பணம் கட்டிப் பழகினால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. காவலர் தேர்வு எழுதியவனிடம் அதை விற்பது என்ன கணக்கு?

அந்த பேட்ச்சில் என்ன நடந்தது என்று தம்பியிடம் கேட்டுக் கேட்டு எழுதுகிறேன். கதவைத் தட்டிவிட்டு எப்படி உள்ளே வருவது, எப்படி விறைப்பாக நிற்பது, "மே ஐ கம் இன் சார்" என்று எந்தக் குரலில் கேட்பது. இதற்கே ஒரு வாரம். "ஏன் போலீஸ் வேலைக்கு வந்தே?" என்ற கேள்விக்கு மக்கள் சேவை என்று முடிகிற ஒரு பதிலை எழுதிக் கொடுத்து எல்லோரையும் மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். இருபது பேரும் ஒரே பதில். ஒருவன் "சம்பளம் நல்லாருக்கு சார், அப்பா லோடு அடிக்கிறாரு, நிறுத்தணும்" என்று சொன்னதற்குத் திட்டு விழுந்ததாம். உண்மையிலேயே ஒரு போர்டு உட்கார்ந்திருந்தால் அந்தப் பையனைத்தான் நிமிர்ந்து பார்த்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. பாடம் எடுத்த ஓய்வு பெற்ற அதிகாரி எந்த ஸ்டேஷனில் இருந்தார், எந்த வருஷம் ஓய்வு பெற்றார் என்று நான் பிறகு கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

இந்த நேரமெல்லாம் போனது எங்கே என்று பாருங்கள். பிசிகலில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும், இது தேறினால்தான் மற்றதெல்லாம். அதன் பிறகு கயிறு ஏறுதல், நீளம் தாண்டுதல் அல்லது உயரம் தாண்டுதல், 100 மீட்டர் அல்லது 400 மீட்டர். நீளம் தாண்டுதலில் 4.50 மீட்டர், நூறு மீட்டரில் 13.5 வினாடி என்றால்தான் ரெண்டு ஸ்டார், முழு மார்க். 24 மதிப்பெண் இருப்பது இங்கே. மாதம் 700 வாங்கிய அகாடமியின் கிரவுண்டில் கயிறே கிடையாது. "மாஸ்டர்கிட்ட சொல்லியிருக்கு, அடுத்த வாரம் கட்டிடுவாரு" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். தம்பி ஓட்டத்தில் கெட்டிக்காரன், தாண்டுவதும் சுமார். கயிற்றில் பாதியில் கை விட்டுவிட்டது. இறுதிப் பட்டியலில் பெயர் வரவில்லை. தோற்றது அகாடமியால்தான் என்று நான் சொல்ல வரவில்லை. இல்லாத இன்டர்வியூவுக்கு நிற்கப் பழக்கிய நேரத்தில் ஒரு கயிற்றைக் கட்டியிருக்கலாம், அவ்வளவுதான்.

விஷயம் வெளியே வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். எழும்பூர் ராஜரத்தினம் மைதானத்தில் பிசிகலுக்கு அழைப்புக் கடிதம் வந்தது. முந்தைய பேட்ச்சில் தேர்வாகி இப்போது வேலையில் இருக்கும் தெரு அண்ணன் ஒருவரிடம், "இன்டர்வியூ எப்போண்ணா இருக்கும்?" என்று தம்பி கேட்டிருக்கிறான். அவர் சிரித்துவிட்டு, "இன்டர்வியூவா? எங்களுக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்லடா. சர்டிபிகேட்டு வெரிஃபிகேஷன்தான். ஒரிஜினல் எல்லாம் கையில இருக்கான்னு பாப்பாங்க, எடுத்துவெச்சிக்கோ" என்றாராம்.

ஒரிஜினல் கையில் இல்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், எல்லாமே அகாடமியில் இருந்தது. சேரும்போதே 'வெரிஃபிகேஷனுக்கு' என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். திருப்பிக் கேட்டால், இன்டர்வியூ பேட்ச்சின் மிச்சம் 4,000 கட்டினால்தான் தருவோம் என்றார்கள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் பிசிகல் நடக்கும் இடத்தில் போய் நின்றால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

நான் அகாடமிக்குப் போனேன். இன்டர்வியூ எங்கே இருக்கிறது, அறிவிக்கையில் காட்டுங்கள் என்றேன். "பியூச்சர்ல எஸ்.ஐ.க்குப் போவான்ல சிஸ்டர், அப்போ யூஸ் ஆகும்" என்றார். சான்றிதழைக் கொடுங்கள் என்றால் மேனேஜர் வெளியூர். அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போய், என்னென்ன சான்றிதழ் அவர்களிடம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாக எழுதிப் புகார் கொடுத்தேன். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். அதைப் படம் பிடித்து அகாடமிக்கு அனுப்பியதும் வெளியூர் போன மேனேஜர் அன்றைக்கு சாயங்காலமே வந்துவிட்டார். போலீஸ் வேலைக்குப் பயிற்சி கொடுக்கிறவர்களுக்கு ஸ்டேஷன் என்றால் அவ்வளவு கூச்சம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சான்றிதழ் எல்லாம் வந்தது. பணத்தைப் பற்றிக் கேட்டால் 'அடுத்த பேட்ச்சுல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்'.

ஒரிஜினலை யாரிடமும் கொடுக்காதீர்கள். நகல் போதும். ஒரு பயிற்சி மையத்துக்கு ஒரிஜினல் சாதிச் சான்றிதழ் எதற்கு?

அதே பேட்ச்சில் எண்ணூரிலிருந்து வந்த ஒரு பையன் இருந்தான், மீனவர் குடும்பம். உயரம் 168 சென்டிமீட்டர். அவனுக்குப் பொருந்தும் பிரிவில் ஆண்களுக்கு 170 வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்குத்தான் 167. அகாடமியில் சேரும்போது யாருமே அவனை அளக்கவில்லை. அவனாகக் கேட்டபோது, "காலைல அளந்தா கூடத்தான் காட்டும், பார்ல தொங்கு, வந்துடும்" என்று சொல்லியிருக்கிறார்கள். காலையில் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும் என்பது உண்மைதான், ஆனால் இரண்டு சென்டிமீட்டருக்கு அது போதாது. முழு ஃபீஸும் கட்டி, எழுத்துத் தேர்விலும் தேறி, உயரம் அளக்கிற இடத்தில் திரும்பிவிட்டான். எனக்குத் தம்பியின் கதையைவிட இதுதான் அதிகம் எரிகிறது. ஒரு டேப் எடுத்து அளந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். மார்பு அளவும் அப்படித்தான்: சாதாரணமாக 81, மூச்சு இழுத்தால் 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும். பெண்களுக்கு உயரம் 159, எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு 157. காசு கட்டுவதற்கு முன்னால் வீட்டுச் சுவரில் நிற்க வைத்து அளந்து பாருங்கள்.

விளையாட்டுச் சான்றிதழ் 'ஏற்பாடு செய்து' தருவதாகவும் சிலரிடம் பேச்சு நடந்ததாம். தம்பி அதில் சிக்கவில்லை. போலிச் சான்றிதழ் என்று தெரிந்தால் வேலை போவதோடு வழக்கும் வரும், பிறகு எந்த அரசு வேலைக்கும் போலீஸ் விசாரணை அறிக்கையில் அது நிற்கும்.

இப்போது பணம். எங்களிடம் கொடுத்தது வெள்ளைத் தாளில் எழுதிய ரசீது, 'ஜிஎஸ்டி உட்பட' என்று அதிலேயே போட்டிருக்கிறது, ஜிஎஸ்டி எண் இல்லை. பில் போடுகிறவள் கண்ணுக்கு இது தப்பாது. கோச்சிங்குக்கு 18% வரி என்பது சரி, ஆனால் வரி வாங்குகிறவர் 15 இலக்க எண்ணைப் போட வேண்டும், தமிழ்நாட்டில் அது 33-இல் தொடங்கும். இன்டர்வியூ பேட்ச்சின் 5,000-க்கு அந்த வெள்ளைத் தாள்கூட இல்லை. ஒரு தனிநபரின் ஜிபே எண்ணுக்கு அனுப்பச் சொன்னார்கள். நல்லவேளையாக அந்தப் பரிமாற்ற விவரமும், 'இன்டர்வியூ பேட்ச் செகண்ட் இன்ஸ்டால்மென்ட்' என்று அவர்களே அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும் இருக்கின்றன.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்திருக்கிறோம். அங்கே முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இன்னொன்று, 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கோச்சிங் விளம்பரங்களுக்கு என்றே வழிகாட்டு நெறிமுறை போட்டிருக்கிறது. கட்டாயம் தேர்ச்சி, கட்டாயம் வேலை என்று உத்தரவாதம் கொடுக்கக் கூடாது. தேர்வானவருடைய எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் அவர் படத்தைப் போடக் கூடாது. எங்கள் அகாடமியின் ஃபிளெக்ஸில் சிரிக்கிற ஒரு பெண்ணின் முகத்தை இன்னொரு அகாடமியின் ஃபிளெக்ஸிலும் பார்த்தேன். அந்த இரண்டு ஃபிளெக்ஸையும் படமெடுத்துப் புகாரோடு இணைத்திருக்கிறோம்.

தம்பி மறுபடியும் எழுதப்போகிறான், அகாடமி இல்லாமல். கேள்விகள் பத்தாம் வகுப்புத் தரத்தில்தான் வருகின்றன, பாடநூல்கள் இணையத்தில் இலவசம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் இருக்கும் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுகளுக்கு இலவச வகுப்பு நடக்கிறது, அறிவிக்கை வந்ததும் போய் விசாரியுங்கள். உட்கார்ந்து படிக்க இடம் வேண்டும் என்றால் கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் இருக்கிறது. கயிறுக்கு மட்டும் தெரு அண்ணன் ஒரு இடம் காட்டியிருக்கிறார்.

அதே பேட்ச்சில் இன்டர்வியூவுக்குப் பணம் கட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால், ஜிபே விவரம், வாட்ஸ்அப் செய்தி, ரசீது எது இருந்தாலும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். ஒரே குறை உள்ள பலர் சேர்ந்து ஒரே புகாராக நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகச் சட்டத்தில் வழி இருக்கிறது. இதுவரை நான்கு குடும்பங்கள் பேசியிருக்கின்றன.