ஸ்கிரைபஸ் 1.6: புது வேலைக்கு சரி, பழைய ஃபைலுக்கு வேண்டாம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக ஒரு நோட்டீஸோ புத்தகமோ போடுவதற்கு, பக்கம் வடிவமைக்கும் இலவச சாஃப்ட்வேரான ஸ்கிரைபஸ் 1.6 தாராளமாகப் போதும். அடோபியின் பழைய லேஅவுட் சாஃப்ட்வேரான பேஜ்மேக்கரில் செய்த ஃபைலைத் திறந்து திருத்தலாம் என்ற ஆசையில் இறக்கினால் தலைவலிதான். காசு கிடையாது, வருஷா வருஷம் சந்தா கிடையாது, அதில் மறுபேச்சே இல்லை.

கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைப் பக்கம் டிடிபி (கம்ப்யூட்டரில் அச்சுக்குப் பக்கம் தயாரிக்கும்) வேலை என்றால் ஒரே நோட்டீஸில் தமிழும் வரும், மலையாளமும் வரும். கோயில் கொடை, சர்ச் திருவிழா, கல்யாண கார்டு எதுவானாலும் எல்லை தாண்டிப் பாறசாலையில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு மலையாளத்தில் வேண்டும். அங்கிருந்து வரும் பென்டிரைவில் பேஜ்மேக்கர் ஃபைல் இருக்கும், மேட்டர் முழுக்க எம்எல்-டிடி கார்த்திகா என்ற பழைய மலையாள ஃபாண்டில். இங்கே நம் ஆட்கள் பாமினி என்ற பழைய தமிழ் ஃபாண்டில் அடித்து வைத்திருப்பார்கள். "அண்ணே, போன வருஷ நோட்டீஸ்தான், தேதிய மட்டும் மாத்தினா போதும்" என்பார்கள், அந்தத் தேதியை மாற்றத்தான் அரை நாள் போகும்.

பேஜ்மேக்கரில் 2001-இல் வந்த 7.0-தான் கடைசிப் பெரிய வெர்ஷன். அதற்குப் பதிலாக அடோபி கொண்டுவந்த இன்டிசைன், சிஎஸ்6 வெர்ஷன் வரை அந்த ஃபைலைத் திறந்துகொடுத்தது, அப்புறம் வந்த சிசி வெர்ஷன்கள் திறப்பதில்லை. போதாக்குறைக்கு 2023 ஜனவரியோடு டைப் 1 என்ற பழைய வகை ஃபாண்டுகளுக்கும் அடோபி ஆதரவை நிறுத்திவிட்டது. மூலையில் பழைய விண்டோஸ் எக்ஸ்பி மெஷினைத் துடைத்து வைத்துக்கொண்டு பல பிரஸ்கள் ஓடுவது இதனால்தான்.

ஸ்கிரைபஸ் பேஜ்மேக்கர் ஃபைலை இழுத்துக்கொள்ளும், அது உண்மை. ஆனால் வருவது படம் மாதிரிதான் வரும், பத்தி பத்தியாக ஓடும் மேட்டராக வராது. பாமினி ஃபாண்ட் மெஷினில் இல்லையென்றால் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, பின்னால் ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்தாக நிற்கும். இதற்கு ஸ்கிரைபஸைத் திட்டுவது நியாயமில்லை, பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருக்கும் ஃபாண்ட் என்பதால் ஃபைலுக்குள்ளேயே அப்படித்தான் இருக்கிறது. ஃபாண்டைப் போட்டால் கண்ணுக்குச் சரியாகிவிடும், யூனிகோடு ஆகாது. மேட்டரை மட்டும் வெளியே எடுத்து யூனிகோடு கன்வெர்ட்டரில் போட்டுப் புதிதாக லேஅவுட் பண்ணுவதுதான் வேகம்.

இன்டிசைனிலிருந்து, மற்ற வெர்ஷன்களும் படிக்கக்கூடிய ஐடிஎம்எல் ஃபார்மட்டில் கொடுத்தால் நிலைமை கொஞ்சம் தேவலை. ஐடிஎம்எல் சிஎஸ்4-இல் வந்தது, அதற்கு மேல் எந்த இன்டிசைனிலும் திறக்கும், ஸ்கிரைபஸும் படிக்கும். பெட்டிகள் இடத்தில் நிற்கும், ஸ்டைல்கள் பாதி தங்கும், வரி மட்டும் ஓடிவிடும், ஆகவே ஒவ்வொரு பக்கமாகப் பார்க்கணும். இன்டிசைனின் சொந்த ஐஎன்டிடி ஃபைலை அப்படியே அனுப்பிவிட்டு "ஓப்பன் ஆகல" என்று போன் பண்ணாதீர்கள், அது ஆகாது. ஸ்கிரைபஸிலிருந்து ஐடிஎம்எல் ஆகத் திருப்பி அனுப்பவும் வழியில்லை, ஒருவழிப் பாதைதான்.

ஸ்கிரைபஸின் சொந்த வெர்ஷன்களுக்குள்ளும் சிக்கல் உண்டு. 1.4 வந்தது 2012-இல், 1.6 வந்தது 2024-இல். பழையது புதியதில் திறக்கும். 1.6-இல் சேவ் பண்ணியதை 1.4 திறக்காது, கோரல்டிராவில் சேவ் பண்ணும்போது வெர்ஷனைக் குறைத்துக்கொடுப்போமே, அந்த வசதி இதில் இல்லை. கடையில் இரண்டு மெஷின் இருந்தால் இரண்டிலும் ஒரே வெர்ஷனைப் போடுங்கள். 1.4-இல் தமிழும் மலையாளமும் ஒழுங்காகச் சேராது என்பதால் அதை வைத்திருந்தும் பயனில்லை. 1.6-இல் கொம்பு (ெ, ே) எழுத்துக்கு முன்னால் சரியாக நிற்கிறது, மலையாளக் கூட்டெழுத்து உடையாமல் வருகிறது. இந்த ஒன்றுக்காகவே நான் இதற்கு மாறினேன். எல்லைக்கு அந்தப் பக்கம் ஜனயுகம் என்ற மலையாள தினசரி 2019-இலேயே பேஜ்மேக்கரை விட்டு ஸ்கிரைபஸுக்குப் போய்விட்டது, யூனிகோடு ஃபாண்டில் தினமும் பேப்பர் வருகிறது. தினசரியே ஓடும்போது திருவிழா நோட்டீஸ் ஓடாதா என்ன?

எக்ஸ்பி மெஷினை மட்டும் இப்போதைக்குப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். பேஜ்மேக்கர் ஃபைல் வந்தால் அதில் திறந்து பிடிஎஃப் எடுங்கள், மேட்டரைத் தனியாக எடுங்கள், மீதி வேலையை ஸ்கிரைபஸில் வைத்துக்கொள்ளலாம்.