பிரிக்பீல்ட்ஸில் ஒரு ரூட் கேனல்: கைத்திறன் நன்று, நாள் குறிப்பதுதான் குறை

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலையை ஒட்டிய ஒரு கடைவீட்டின் மாடியில் இயங்கும் தனியார் பல் கிளினிக்கில், கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கேனல் சிகிச்சை, அதாவது வேருக்குள் இருக்கும் குழாயைச் சுத்தம் செய்து அடைக்கும் சிகிச்சை, செய்துகொண்டேன். மருத்துவரின் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முகப்பு மேசையில் அடுத்த வருகைக்குத் தேதி எழுதித் தரும் முறைதான் சரியில்லை. பல்லுக்குள் வைக்கும் மருந்துக்கும் கெடு உண்டு என்பதால், இதைச் சில்லறைக் குறையாக நான் ஒதுக்கவில்லை.

பல்லின் பெரும்பகுதியான டென்டின், எடையில் ஏறத்தாழ 70 விழுக்காடு தாதுப்பொருளும் 20 விழுக்காடு கொலாஜன் முதலிய கரிமப்பொருளும் மீதி நீரும் கொண்டது. வேர்க்குழாயைக் கழுவப் பயன்படும் சோடியம் ஹைப்போகுளோரைட் கிருமிகளோடு கொலாஜனையும் அரிக்கிறது. அதற்குப் பின் வரும் 17 விழுக்காட்டு இடிடிஏ கரைசல் கால்சியத்தைப் பிரித்தெடுக்கிறது. செறிவும் நேரமும் கூடக்கூடக் குழாய்ச் சுவரின் கடினத்தன்மை குறையும். இங்கே ரப்பர் விரிப்பைப் பல்லைச் சுற்றி இறுக்கமாக மாட்டிய பிறகே கழுவத் தொடங்கினார்கள். இடிடிஏவை ஊற்றியதும் உதவியாளர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, ஒரு நிமிடம் ஆனதும் குரல் கொடுத்தார். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு மெல்லிய ஊசி முனையால் வெள்ளைப் பசையொன்றை உள்ளே செலுத்தினார்கள். அது கால்சியம் ஹைட்ராக்சைடு. 1920ஆம் ஆண்டில் ஹெர்மன் என்பவர் பல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்த மருந்து. காரத்தன்மையைக் காட்டும் அதன் பிஎச் அளவு ஏறத்தாழ 12.5 என்பதால் பெரும்பாலான கிருமிகள் தாக்குப்பிடிப்பதில்லை. ஆனால் அதே கடுமையான காரம், கொலாஜனும் தாதுப்பொருளும் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிணைப்பையும் நாளடைவில் தளர்த்துகிறது. ஆண்ட்ரியாசன் என்ற பல் மருத்துவ ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் வளர்ச்சி முடியாத செம்மறியாட்டுப் பற்களில் செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், இம்மருந்து நிரப்பிய பற்களின் முறிவுத் தாங்குதிறன் சுமார் ஓராண்டில் பாதியாகக் குறைந்தது. முதிர்ந்த மனிதப் பல்லுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. சில வாரங்கள் மட்டும் மருந்து இருப்பதற்காக அஞ்சவும் வேண்டியதில்லை. மாதக்கணக்கில் விட்டுவைப்பதுதான் வம்பு.

“ரெண்டு வாரத்துல கண்டிப்பா வந்துடுங்க ஐயா, மருந்து உள்ளேயே கிடக்கக் கூடாது” என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். முகப்பிலோ, இடமில்லை என்று ஆறு வாரம் கழித்து ஒரு தேதியை எழுதி நீட்டினார்கள். நான் திரும்ப உள்ளே போய்ச் சொன்ன பிறகு, மருத்துவரே எழுந்து வந்து சனிக்கிழமை காலையில் ஓர் இடம் ஒதுக்கினார். வலி அடங்கியதும் கிளினிக்கை மறந்துவிடுவது நம்மவர்களிடம் உள்ள வழக்கம்; அப்படியிருக்க, கிளினிக்கே தள்ளிப்போட்டால் யாரைக் குறை சொல்வது?

இம்மருந்துக்குப் பதிலாகச் சிலர் வைக்கும், மூன்று நுண்ணுயிர்க்கொல்லிகள் கலந்த பசையைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்டேன். அதில் சேரும் மினோசைக்ளின் பல்லின் நிறத்தைக் கெடுக்கும் என்றும், செறிவான பசை டென்டினின் தாதுப்பொருளைக் குறைக்கும் என்றும், என் பல்லுக்கு அது தேவைப்படவில்லை என்றும் பொறுமையாக விளக்கினார்.

கட்டணம் ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டியது. மேலே போடும் உறைக்குத் தனிக் கணக்கு. இங்கே போக நினைப்பவர்கள், மருந்து வைக்கும் நாளுக்கு முன்பே அடுத்த வருகைக்கான தேதியையும் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.