தாருக்கும் கப்பிக்கும் ஒரே வண்டி: ஹிமாலயன் 450, வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸ் ஓர் ஒப்பீடு

சென்னையிலிருந்து வேலூர் வழியாக ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூருக்கு 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல். நண்பரின் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450, உறவினரிடம் நான் இரவல் வாங்கிய சுசுகி வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸ் ஆகிய இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டு நாங்கள் அங்கே சென்றுவந்தோம். மலைக்கு மேல், உள்ளடங்கிய ஊர்களுக்குப் பிரியும் வழிகளில் எங்களுக்குக் கிடைத்த கப்பிச் சாலை, போக வர எல்லாம் சேர்த்து 14 கிலோமீட்டர்தான். மீதி முழுவதும் தார். அட்வென்ச்சர் பைக் விளம்பரங்களில் எப்போதும் புழுதி பறக்கிறது. வாங்கியவரின் வண்டியோ பெரும்பாலும் தாரிலேயே தேய்கிறது. ஆகவே இந்த 14 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொண்டே இரண்டையும் எடைபோட்டேன்.

ஹிமாலயன் 450 வண்டி 2023 நவம்பரில் விற்பனைக்கு வந்தது. 452 சி.சி. எஞ்சின், 40 குதிரைத்திறன், 40 நியூட்டன் மீட்டர் இழுவிசை (டார்க்), எரிபொருளுடன் 196 கிலோ எடை. ராயல் என்ஃபீல்டு விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் நீர்க்குளிர்ப்பு எஞ்சினும் இதுவே. அதற்கு ஒன்றரை ஆண்டு முன்னால், 2022 ஏப்ரலில் வந்த வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸ் ஆயில் குளிர்ப்பு கொண்ட 249 சி.சி. வண்டி, 26.5 குதிரைத்திறன், 22.2 நியூட்டன் மீட்டர், 167 கிலோ. எஞ்சின் அளவை மட்டும் பார்த்தால் இவை ஒரே தட்டில் வைக்கத் தக்கவை அல்ல. ஆனால் மலைக்கும் போக வேண்டும், அலுவலகத்துக்கும் போக வேண்டும் என்று நினைக்கும் ஒருவர் இவ்விரு ஷோரூம்களுக்கும் நடையாய் நடப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அந்த ஒருவர் நானும்தான்.

நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர் வேகம்வரை இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. அதற்குமேல், ஒரு கண்டெய்னர் லாரியைக் கடக்கும்போது, ஹிமாலயனில் கியரைக் குறைக்காமலேயே ஆக்சிலரேட்டரைத் திருகினால் போதும். வி-ஸ்ட்ரோமில் ஒரு கியர் இறங்கி, எஞ்சினை உயர் சுழற்சிக்குக் கொண்டுபோன பிறகே கடக்க முடிகிறது. பின்னால் ஆளும் பையும் இருந்தால் இந்த இடைவெளி இன்னும் அகலும். தனியாக, அவசரமில்லாமல் போகிறவருக்கு இது ஒரு குறையே அல்ல என்பது என் எண்ணம்.

மலைச்சாலையின் தார் வளைவுகளில் கதை மாறுகிறது. வி-ஸ்ட்ரோமின் முன்சக்கரம் 19 அங்குலம், டயர் 100 மில்லிமீட்டர் அகலம். ஹிமாலயனில் 21 அங்குலம், 90 மில்லிமீட்டர். பெரிய, ஒல்லியான சக்கரம் சாய்வதற்குச் சற்று நேரம் எடுத்துக்கொள்கிறது; கொண்டை ஊசி வளைவில் ஹேண்டில்பாரைச் சற்று அழுத்தி வண்டியைச் சாய்க்க வேண்டியிருக்கிறது. மேலும், நீளமான முன் சஸ்பென்ஷன் காரணமாகப் பிரேக் பிடித்ததும் முன்பக்கம் நன்றாக அமிழ்கிறது. 29 கிலோ எடை குறைந்த வி-ஸ்ட்ரோம் இதே வளைவுகளில் சாதாரண பைக் போலவே திரும்பியது. மலை ஏறும்போது முன்னால் போன நண்பரை, அவரை விடக் குறைந்த சக்தியுடைய வண்டியில் நான் எளிதாகவே தொடர முடிந்தது.

தார் முடிந்து பெருஞ்சல்லி தொடங்கும் இடத்தில்தான் 21 அங்குலச் சக்கரம் எதற்காக என்பது விளங்குகிறது. முஷ்டியளவு கல்லின்மேல் பெரிய சக்கரம் ஏறி உருண்டு போய்விடுகிறது. சிறிய சக்கரம் அதே கல்லில் முதலில் முட்டுகிறது, பிறகே ஏறுகிறது, அந்த முட்டு மணிக்கட்டில் தெரிகிறது. ஹிமாலயனின் சஸ்பென்ஷன் முன்னும் பின்னும் 200 மில்லிமீட்டர் அசைய, வி-ஸ்ட்ரோமின் முன் சஸ்பென்ஷன் அசைவது 120 மில்லிமீட்டர்தான். மழைநீர் அறுத்த பள்ளங்களில் அது இரண்டு முறை அடித்தட்டிப் போனது. தரையிலிருந்து வண்டியின் வயிறுவரை உள்ள இடைவெளியும் முறையே 230, 205 மில்லிமீட்டர். இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது இழுவிசை கிடைக்கும் இடம். ஹிமாலயனின் உச்ச இழுவிசை நிமிடத்துக்கு 5,500 சுழற்சியிலும், வி-ஸ்ட்ரோமின் உச்ச இழுவிசை 7,300 சுழற்சியிலும் கிடைக்கின்றன. உதிர்ந்த சல்லி கிடக்கும் ஏற்றத்தில் மெல்ல ஊர்ந்து ஏறும்போது, முன்னது தன்பாட்டுக்கு ஏறுகிறது. பின்னதற்குக் கிளட்ச்சைப் பாதி பிடித்து எஞ்சினைக் கத்தவிட வேண்டியிருக்கிறது, அப்படிக் கத்தவிட்டால் பின்சக்கரம் கல்லைத் தோண்டிக்கொண்டு சுழல்கிறது.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் பற்றி ஒரு சொல். தாரில் உயிர்காக்கும் அந்த ஏற்பாடு, உதிரிக் கல்லில் நிறுத்தும் தூரத்தைக் கூட்டிவிடுகிறது. ஏனெனில் அங்கே பூட்டிய சக்கரம் தன் முன்னால் சல்லியைக் குவித்து அதிலேயே தடைபட்டு நிற்கும், ஏபிஎஸ் அந்தப் பூட்டலை விடாமல் தடுக்கும். ஹிமாலயனில் பின்சக்கரத்துக்கு மட்டும் அதை அணைத்துவைக்கலாம். வி-ஸ்ட்ரோமில் அந்த வசதி இல்லை. சரிவில் பின்பிரேக் காலடியில் படபடவென்று துடித்துக்கொண்டே இருக்க, வண்டி நாம் நினைத்த இடத்தைத் தாண்டிப் போய் நிற்கிறது.

இவ்வளவு தூரம் கப்பியில் ஹிமாலயனின் பக்கமே சாய்ந்த தராசு, ஒரு வளைவில் நான் அதைக் கீழே போட்டதும் மறுபக்கம் இறங்கியது. தவறு முழுக்க என் விரல்களுடையது: ஆடு ஒன்று குறுக்கே வர, ஹேண்டில் திரும்பியிருக்கும்போதே முன்பிரேக்கை அழுத்தினேன். நடக்கும் வேகம்தான், காயமில்லை, ஹேண்டில்பாரின் கைக்காப்பில் ஒரு கீறல். ஆனால் சரிவின் கீழ்ப்பக்கமாக, சக்கரம் மேலே பார்க்கப் படுத்திருந்த 196 கிலோவை எழுப்ப முதுகைக் கொடுத்து இரண்டு முறை முயன்றேன். சல்லியில் என் பூட்ஸ்தான் வழுக்கியது. ஆட்டுக்காரப் பெரியவர் கோலைக் கீழே வைத்துவிட்டு வந்து, "இதென்ன தம்பி, ஒரு ஆள் தூக்குற வண்டியா?" என்று கேட்டபடி மறுபக்கம் பிடித்தார். திரும்பும் வழியில், சமதரையில் வி-ஸ்ட்ரோமை வேண்டுமென்றே படுக்கவைத்துத் தூக்கிப் பார்த்தேன். மூச்சு வாங்கியது, ஆனாலும் தனியாகத் தூக்கிவிட்டேன். தனியே ஊர் சுற்றுகிறவர்கள் குதிரைத்திறனுக்கு முன்னால் பார்க்க வேண்டிய எண் இந்த எடைதான் என்று அன்று தோன்றியது.

அடுத்தது சக்கரம். வி-ஸ்ட்ரோமில் அலாய் சக்கரமும் டியூப்லெஸ் டயரும். போளூர் அருகே ஆணி ஏறியபோது, பஞ்சர் கிட்டில் இருந்த ரப்பர்த் திரியைச் செருகிக் கைப்பம்பால் காற்றடித்துக் கிளம்பப் பத்து நிமிடம் ஆனது. டியூப் உள்ள ஸ்போக் சக்கரமாக இருந்தால், சக்கரத்தைக் கழற்றி, டயரை நெம்பி, டியூபை இழுத்து ஒட்டவேண்டும். பஞ்சர் கடை இல்லாத இடத்தில் அது ஒரு முற்பகல் வேலை. கப்பியில் பிடிப்புக்காகக் காற்றைக் குறைக்கிறவர்களுக்கும் டியூப் ஒரு தலைவலி, கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் நசுங்கி அதில் இரட்டை ஓட்டை விழும். மறுபுறம், கூரான கல்லில் வேகமாக இடித்தால் அலாய் ரிம் விரிசல் விடலாம், அப்படி விரிசல் விட்டதை வழியில் எவராலும் சரிசெய்ய முடியாது. ஸ்போக் சக்கரம் நெளிந்து கொடுக்கும், நெளிந்ததைக் கோட்டம் எடுக்கத் தெரிந்த மெக்கானிக் சிற்றூரிலும் இருப்பார். 2024-இல் ராயல் என்ஃபீல்டு டியூப் தேவைப்படாத ஸ்போக் சக்கரங்களைக் கூடுதல் விலைக்குத் தரத் தொடங்கியது. நண்பர் அதைத்தான் போட்டிருக்கிறார். ஹிமாலயன் வாங்குகிறவர் வேறு எந்த அலங்காரத்தைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

டேங்க் ஹிமாலயனைப் போல் 17 லிட்டரா, வி-ஸ்ட்ரோமைப் போல் 12 லிட்டரா என்பது தமிழ்நாட்டில் ஒரு பொருட்டே அல்ல. மணாலி–லே வழியில் டண்டி பெட்ரோல் நிலையத்தின் பலகை, அடுத்த நிலையம் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று எச்சரித்த சாலைகளுக்கே அந்தக் கணக்கு பொருந்தும்.

விலையில் முன்பே இருந்த இடைவெளியை வரி அகலமாக்கிவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 விழுக்காடாக இறங்க, அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 விழுக்காடாகிவிட்டது. 249 சி.சி. ஒரு கரையில், 452 சி.சி. மறு கரையில். மிஞ்சும் பணத்தில் நல்ல ஹெல்மெட், முழங்கால் காப்பு, பூட்ஸ் எல்லாம் வாங்கிவிடலாம்.

இவற்றுக்கு நடுவே ஹீரோ எக்ஸ்பல்ஸ் 210-ஐயும் கேட்கிறவர்கள் உண்டு. 21 அங்குல முன்சக்கரம், நீண்ட சஸ்பென்ஷன், ஹிமாலயனைவிட எடை குறைவு. அந்த 14 கிலோமீட்டருக்கு மூன்றிலும் அதுவே சிறந்தது என்பேன். மீதி 400 கிலோமீட்டரை 24.6 குதிரைத்திறனில், ஒல்லியான சீட்டில் கடக்கும் பொறுமை எனக்கில்லை. நாற்பதைத் தாண்டாதவர்களுக்கு இருக்கலாம்.

நான் வி-ஸ்ட்ரோமுக்கு முன்பணம் கட்டிவிட்டேன். நண்பருக்கோ அடுத்த கோடையில் இமாசலப் பிரதேசத்தின் குன்சும் கணவாய் வழியாக ஸ்பிதிப் பள்ளத்தாக்கின் காசா ஊருக்குப் போகும் திட்டம் இருக்கிறது. 4,500 மீட்டருக்கு மேலே, கல்லும் ஓடையும் குறுக்கிடும் அந்த வழியில் என் கணக்கு அப்படியே தலைகீழாகிவிடும் என்பதால், அவர் ஹிமாலயனைவிட்டு இறங்குவதாயில்லை. விழுந்தால் தூக்கிவிட ஓர் ஆள் வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டிருக்கிறார்.